“நான்கு கிட்னி இருக்கிறது” என்று வரும் செய்தி பொய்

சேலம் அம்மாபேட்டையில் இருந்து ஏற்காடு வரை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: விபத்தில் இறந்த கணவன் மனைவியின் நான்கு சிறுநீரகங்கள் இலவசமாகக் கிடைக்குமாம், உடனே இந்த எண்ணை அழைக்க வேண்டுமாம். இது உண்மையல்ல. பெயரும் எண்ணும் மாறி மாறிப் பல வருடங்களாக வரும் பழைய சரக்கு.

எடுத்த சிறுநீரகத்தைக் குளிர்நிலையில் வைத்தாலும் ஏறக்குறைய ஒன்றரை நாளுக்குள் பொருத்தியாக வேண்டும். வாரக்கணக்கில் ஃபார்வர்டு ஆகும் வரை அது காத்திருக்குமா என்ன?

மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகளை நம் மாநிலத்தில் ஒதுக்குவது தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையமான ‘டிரான்ஸ்டான்’. காத்திருப்போர் பட்டியல், ரத்த வகை ஆகியவற்றைப் பார்த்துத்தான் ஒதுக்குவார்கள். போனில் முந்துபவருக்கு அல்ல. அந்தப் பட்டியலில் சேர, உறுப்பு மாற்று அனுமதி பெற்ற மருத்துவமனை வழியாகத்தான் பதிய முடியும். பணம் கேட்டால் இன்னும் உஷார்: உறுப்பை விற்பதும் வாங்குவதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

டயாலிசிஸில் இருப்பவரின் வீட்டார் இதை நம்பி நாள் முழுக்க அந்த எண்ணை அழைத்துக்கொண்டிருப்பார்கள். அதுதான் கொடுமை. சந்தேகம் இருந்தால் டிரான்ஸ்டான் இணையதளத்தைப் பாருங்கள், அல்லது சிகிச்சை தரும் சிறுநீரக மருத்துவரிடம் கேளுங்கள். செய்தி உங்களுக்கு வந்தால் அனுப்பியவரிடம் பொய் என்று சொல்லிவிட்டு அழித்துவிடுங்கள். தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.