மலை மனைக்கு ஊராட்சித் தலைவர் கையெழுத்து போதாது

“டெல்டா வேளாண் மண்டலமாகிவிட்டது, இனி இங்கே வீட்டுமனையே கிடையாது; கொடைக்கானல், ஏற்காட்டில் வாங்குங்கள், பஞ்சாயத்து அப்ரூவல் போதும்” என்று கும்பகோணம், மன்னார்குடி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

2020-ஆம் ஆண்டு வேளாண் மண்டலச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பு, தோல் பதனிடும் ஆலை, உருக்காலை போன்றவற்றை. வீடு அந்தப் பட்டியலில் இல்லை. (நஞ்சையை மனையாக்க அனுமதி வேண்டும், அது பழைய விதி.)

மனைப்பிரிவுக்கு ஊராட்சித் தலைவர் தாமாக ஒப்புதல் தர முடியாது. டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் வேண்டும். ஹாகா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) பட்டியலில் உள்ள மலைக் கிராமமானால் அந்த ஆணையத்தின் இசைவும் வேண்டும். லேஅவுட் 500 சதுர மீட்டரைத் தாண்டினால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் கேளுங்கள். தமிழ்நாடு ரெரா தளத்தில் அதைத் தேடிப் பார்க்கலாம். வில்லங்கத்தைப் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் பாருங்கள்.

மனைக்கு நேரில் போனால் தடுப்புச்சுவரைக் கவனியுங்கள். சரிவை வெட்டிக் கட்டிய சுவரில் நீர் வடியும் துளைகள் இல்லையென்றால், மழையில் பின்னால் தேங்கும் தண்ணீரே சுவரைத் தள்ளிவிடும். சமவெளிக்காரர்கள் கண்ணில் இது எளிதில் படாது.

அந்தச் செய்தி வந்தால் மேற்கொண்டு அனுப்ப வேண்டாம்.