மாட்டிக்கொள்வதில் மட்டும் இல்லை சிரிப்பு

ஆண் வேடத்தில் இருக்கும் பெண் எப்போது மாட்டுவாள் என்ற ஒரே நகைச்சுவைதான் பள்ளியில் நடக்கும் மங்காக்களில் (ஜப்பானியச் சித்திரக்கதைகளில்) ஓடுகிறது என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். ஹிசாயா நகாஜோவின் ‘ஹனா கிமி’யை (1996–2004) படித்தவளாக இதை என்னால் ஏற்க முடியவில்லை. உயரம் தாண்டும் வீரன் சானோவுக்காக மிஸுகி என்ற பெண் தலைமுடியை வெட்டிக்கொண்டு ஆண்கள் பள்ளியில் சேர்கிறாள். விடுதியில் அவனுடைய அறையிலேயே இடம் கிடைக்கிறது. ஆனால் அவள் பெண் என்பது சானோவுக்குத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். தெரியாததுபோலவே இருந்து அவளைக் காப்பாற்றுவான். வேடம் போட்டவளைவிட அதிகம் நடிப்பது அவன்தான்!

அப்புறம் அதே பள்ளியில் படிக்கும் நகாட்சு. மிஸுகியைப் பையன் என்றே நம்பி, அவள்மேல் ஆசைப்படுகிறவன். ‘ஒரு பையன்மேல் எனக்கு ஏன் இப்படி ஆசை வருகிறது?’ என்று அவன் தலையைப் பிய்த்துக்கொள்வதைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். பையனாகவே இருந்தாலும் பிடித்தது பிடித்ததுதான் என்ற முடிவுக்கு அவன் வரும்போது கண் கலங்கிவிட்டது.

இந்த மரபும் நேற்று முளைத்ததில்லை. பெண்களே ஆண் வேடமும் ஏற்கும் தகராசுகா மேடையைப் பார்த்து வளர்ந்த மங்கா ஓவியர் ஒசாமு தெசுகா, 1953-லேயே ஆணாக வளர்க்கப்படும் இளவரசியின் கதையை வரையத் தொடங்கிவிட்டார். அவரைப் பற்றி ஒரு வரியாவது சேருங்களேன்.