தாள் எண்ணிக்கைக்குத் தபால் கட்டணம் இல்லை, எடைக்குத்தான்

கடிதத்தில் கூடுதலாக ஒரு தாள் வைத்தால் கூடுதலாக ஒரு தபால்தலை ஒட்ட வேண்டும் என்று ஒரு கருத்து உலவுகிறது, சிலர் அதைப் பகிரவும் செய்கிறார்கள். அது சரியல்ல. பிரிட்டனில் 1840க்கு முன்பு தாளை எண்ணி, தூரத்தையும் பார்த்து வசூலித்தார்கள். அந்த ஆண்டு வந்த சீர்திருத்தத்தில் எடை அடிப்படையாயிற்று. இன்று உள்நாட்டுக் கடிதத்துக்கு உறையோடு சேர்த்த மொத்த எடைதான் கணக்கு. அளவும் தடிமனும் வரம்பைத் தாண்டினால் அதற்குத் தனிக் கட்டணம் வரலாம்.

வீட்டிலேயே சரிபார்க்கலாம். ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் ஒன்று ஏறக்குறைய 5 கிராம். நீள உறை ஏறக்குறைய 5 கிராம். இரண்டு தாளும் உறையும் 15 கிராம்தான். முதல் கட்டணத்துக்கான எடை வரம்பு இந்தியாவில் 20 கிராம், பிரிட்டனில் 100 கிராம், அமெரிக்காவில் 1 அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம்.

இந்தியாவில் கவனம் வேண்டியது மூன்று தாள் வைக்கும்போது. 20 கிராம் விளிம்பில் நிற்கும். பசை, தபால்தலை, மழைக்காலத்தில் தாள் இழுக்கும் ஈரம் எல்லாம் சேர்ந்து அடுத்த கட்டணத்துக்குத் தள்ளிவிடும். கட்டணம் குறைந்தால் பெறுபவரிடம் வசூலிப்பார்கள், அல்லது கடிதம் திரும்பி வரும். எனவே ஒட்டி முடித்த உறையைச் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். பிறகு உங்கள் நாட்டு அஞ்சல் துறையின் கட்டணப் பட்டியலில் அந்த எடைக்கான வரியைப் பாருங்கள். தாள்களின் எண்ணிக்கைக்கென்று அதில் ஒரு வரிகூட இருக்காது.