மச்சான், உன்ர பத்தில பாட்ஷா எங்க?

ரொறன்ரோவில இருக்கிற என்ர கூட்டாளி ஒருத்தன் நேற்று தனக்குப் பிடிச்ச பத்துத் தமிழ்ப் படங்களைப் பட்டியல் போட்டிருக்கிறான். ஒண்டாம் வகுப்பிலயிருந்து ஒரே வாங்கில இருந்த ஆக்கள் நாங்கள். அதால இதைச் சும்மா விட ஏலாது.

முதலாவது நாயகன். சரி. 1987இல வந்த படம், 2005இல டைம் சஞ்சிகை தெரிஞ்செடுத்த 100 படங்களுக்க அதுவும் ஒண்டு. அதை முதலாவதாப் போட்டா ஒருத்தரும் சண்டைக்கு வரமாட்டினம். பிறகு உதிரிப்பூக்கள், தளபதி, மகாநதி, ஆடுகளம், சூப்பர் டீலக்ஸ் எண்டு போகுது. அன்பே சிவத்தைக் கண்ட உடன எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. 2003 பொங்கலுக்கு வந்து தியேட்டருகளில படுத்த படம். இப்ப ஆற்ற பட்டியலை எடுத்தாலும் அது இருக்குது. அப்ப அதைப் பாக்காமல் விட்ட சனமெல்லாம் எங்க போச்சினம்? (நானும் அதில ஒருத்தன்தான்.)

எட்டாவது தெனாலி, "எங்கட பேச்சுத் தமிழுக்காக" எண்டு பக்கத்தில ஒரு குறிப்பும். கமலின்ர தமிழைக் கேட்டிட்டு என்ர அம்மா "உது எந்த ஊர்த் தமிழடா?" எண்டு கேட்டவ. எங்கட தமிழுக்காகத்தான் எண்டால், எங்கட எழுத்தாளர் செங்கை ஆழியானின்ர நாவலை வைச்சு 1978இல இலங்கையில எடுத்த வாடைக்காற்று இருக்குதெல்லோ? சரி, அது போகட்டும்.

கடைசியில ஒரு வரி எழுதியிருக்கிறான்: "மசாலாப் படங்களைச் சேர்க்கவில்லை." அதிலதான் எனக்குக் கொதி வந்தது.

பாட்ஷா 1995 பொங்கலுக்கு வந்தது. எங்களுக்குக் கிடைக்க ரெண்டு வருசத்துக்கு மேல பிடிச்சுது. இடையில அந்த வருச ஐப்பசியில சண்டையால யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு ஓடி, அடுத்த வருசம் திரும்பி வந்து, ஓடு இல்லாத வீட்டுக்குக் கிடுகு போட்டு இருந்த காலம். கரண்ட் இல்லை. தலைக்கு இவ்வளவு எண்டு காசு சேத்து ரீவி, டெக், ஜெனரேற்றர் மூண்டையும் வாடகைக்கு எடுத்தம். இரவில ஊரடங்கு. பொழுதுபட முதலே எல்லாரும் அந்த வீட்டுக்கு வந்திட வேணும், விடியும் வரைக்கும் திரும்பிப் போக ஏலாது. அதால ஒரே இரவில மூண்டு படம் எண்டு திட்டம்.

றோட்டுக்கு வெளிச்சம் தெரியாமல் யன்னலுக்குச் சாக்குக் கட்டினது. ஜெனரேற்றரைக் குசினிக்குப் பின்னால, கிணத்தடியில வைச்சது. கொஞ்சூண்டு பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில ஓட விடுற மெசின். அதுக்குக் காவல் இருந்து மண்ணெண்ணெய் விடுறது இந்தப் பட்டியல்காரனின்ர வேலை. ரெண்டு நிமிசம் கிணத்தடியில நிப்பான், பிறகு கானைக் கையில பிடிச்சபடி ஓடிவந்து கதவடியில நிண்டு பாப்பான்.

தம்பிக்குப் பதிலா ரஜினி கம்பத்தில கட்டுப்பட்டு அடி வாங்குற இடம் வந்தது. திருப்பி அடிக்க ஏலும், ஆனா அடிக்காமல் நிப்பார். தமிழ்நாட்டுத் தியேட்டருகளில அந்த இடத்துக்கு விசில் பறந்திருக்கும், இவர் எப்ப திருப்பிக் குடுக்கப் போறார் எண்டு. எங்கட விறாந்தையில ஒரு மூச்சுச் சத்தம் கூட இல்லை. கையைக் கட்டி வைச்சு அடிக்கிறதைச் சத்தம் போடாமல் பாத்து நிக்கிறது எங்களுக்குப் புதுசில்லை. முன்வீட்டு மாமி எழும்பிக் குசினிப் பக்கம் போனா. அவவின்ர மூத்தவனை முந்தின வருசம் ஆமிச் சென்றியில மறிச்சவை, பிறகு ஆள் வரேல்ல. ஒருத்தரும் அவவைத் திரும்பிப் பாக்கேல்ல. நான் கதவடியைப் பாத்தன். மண்ணெண்ணெய்க் கானோட நிண்டவன் கண்ணைத் துடைச்சுக்கொண்டு நிண்டான்.

அந்தப் படத்தைத்தான் மச்சான் நீ இப்ப மசாலா எண்டு தள்ளி வைச்சிருக்கிறாய். மசாலாதான், இல்லை எண்டு ஆர் சொன்னது? சுரேஷ் கிருஷ்ணா கூச்சப்படாமல் எடுத்த மசாலா. ஆனா உன்ர பத்தில எந்தப் படத்துக்கு நீ அப்பிடி நிண்டனீ? சூப்பர் டீலக்சுக்கோ?

கடைசி அரை மணித்தியாலம் இருக்கேக்க ஜெனரேற்றர் நிண்டு போச்சுது. மண்ணெண்ணெய் முடிஞ்சுது. வீட்டுக்கும் போக ஏலாது. ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்தி வைச்சிட்டு எல்லாரும் இருந்தம். கப்பலில திருகோணமலை வழியாக் கொழும்புக்குப் போய் வந்த அண்ணை ஒருத்தர் அந்தப் படத்தை அங்க முழுக்கப் பாத்தவர். அவர் எழும்பி நிண்டு மிச்சத்தைச் சொன்னார். ரகுவரன்ர குரலுக்கு ஒரு குரல், ரஜினிக்கு ஒரு குரல். சண்டைக்குச் சத்தமும் அவரே. 2002இல யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 றோட்டுத் திறந்த பிறகு ஒரு சிடியில அந்த முடிவை நான் பாத்தன். எனக்குப் பெரிய ஏமாற்றம். அண்ணையின்ர விளக்கு வெளிச்சத்தில ரஜினி அடிச்ச ஆக்களின்ர அரைவாசிப் பேரையும் படத்தில அடிக்கேல்ல.

உன்ர பத்தில எதை எடுக்கிறது எண்டு கேட்டால், பத்தாவதா இருக்கிற கொரியப் படத்தை எடு. தமிழ்ப் பட்டியலில அதுக்கு என்ன வேலை? அதை நீ முழுக்கப் பாத்திருக்கமாட்டாய் எண்டும் எனக்குத் தெரியும்.

இன்னொண்டு. மண்ணெண்ணெய் முடிஞ்சதுக்கு அண்டைக்கு எல்லாரும் ஜெனரேற்றர்காரனைத்தான் திட்டினவை, குறைச்சு ஊத்திக் குடுத்திட்டான் எண்டு. கான் கால்வாசி நிரம்பினபடி உன்ர காலடியில இருந்ததை நான் இண்டைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லேல்ல.