குழாய் வந்துவிட்டது, தண்ணீர்தான் வரவில்லையாம்

"குழாய் போட்டாகிவிட்டது சார், தண்ணீர்தான் வரவில்லை."

இன்று காலை என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல், கட்டுமான நிறுவனத்து ஆள் சொன்ன வாக்கியம் இது. 5 மாதம் காத்திருந்ததற்குக் கிடைத்த பதில். இதை எழுதும்போதுகூட எனக்குக் கை நடுங்குகிறது.

நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன், சொன்னால்தான் ஆறும். 9 மணிக்கு வருவதாகச் சொன்னவர் பதினொன்றரைக்கு வந்தார். வந்ததும் என்னைத் தெருவுக்கு அழைத்துப் போனார். தரையில் பதித்திருந்த சிறிய இரும்பு மூடியைக் காலால் தட்டிக் காட்டினார். பிறகு குனிந்தார். ஒரு கம்பியை விட்டு நெம்பினார். மூடி வரவில்லை. மறுபக்கம் போய் நெம்பினார். வந்தது. உள்ளே மணலும் இருட்டும். கைபேசி விளக்கை அடித்தார். "பார்த்தீர்களா சார், நீலக் குழாய்" என்றார். பார்த்தேன். நீலக் குழாய்தான். "இதோ வால்வு" என்றார். வால்வுதான். எழுந்து நின்று முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார். வந்த வேலை முடிந்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. "தண்ணீர்?" என்று கேட்டேன். அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

ஏன் வரவில்லை? "இன்னும் சோதனை முடியவில்லை சார்." ஏன் முடியவில்லை? "ஒப்பந்ததாரர் வர வேண்டும்." எப்போது வருவார்? "அவருக்குப் பழைய பில் பாக்கி இருக்கிறது. அது தீர்ந்தால் வருவார்." யார் தீர்க்க வேண்டும்? அவர் தெருக்கோடியைப் பார்த்தார். "அதெல்லாம் தலைமை அலுவலகம் சார்." இவருடைய நிறுவனம் தன் ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுக்காது, அதற்காக நான் தண்ணீர் லாரிக்குக் குடங்களை வரிசையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். இதை என் வாசலிலேயே நின்று, எனக்கே விளக்குகிறார்!

வீடு விற்கும்போது "குடிநீர் இணைப்பு உண்டு" என்று எழுதிக் கொடுத்தார்களே, அந்த 'உண்டு' எங்கே போயிற்று? மண்ணுக்கடியில் காலிக் குழாய் கிடப்பதற்குப் பெயர் இணைப்பா?

ஊரின் பிரதான குடிநீர்க் குழாயை எங்கள் புதுக் குடியிருப்பு வரை நீட்டுவது என்றால் பள்ளம் தோண்டிப் புதைப்பது மட்டும் இல்லை என்பதை இந்த 5 மாதத்தில் விரும்பாமலே கற்றுக்கொண்டேன். ஏற்கெனவே இருக்கும் குழாயில் இத்தனை வீடுகளுக்கும் கொடுக்கத் தண்ணீரும் அழுத்தமும் மிச்சம் இருக்கிறதா என்று முதலில் குடிநீர் அலுவலகம் கணக்குப் பார்க்க வேண்டும். பிறகு வரைபடம், ஒப்புதல், வேலையைப் பாதியில் விட்டு ஓடாமல் இருக்க நிறுவனம் கட்டும் பிணைத்தொகை. குழாய் பதித்த பிறகு அதில் தண்ணீரை நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைவிட ஒன்றரை மடங்கு வரை ஏற்றி, மணிக்கணக்கில் நிறுத்திக் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கசியவில்லை என்றால் குளோரின் கலந்த தண்ணீரை ஒரு நாள் முழுவதும் உள்ளே தேக்கி, வேகமாக அலசி வெளியேற்றி, மாதிரி எடுத்துக் கிருமி இல்லை என்று ஆய்வகம் சொல்ல வேண்டும். அதன்பிறகுதான் வாய்க்குப் போகிற தண்ணீர் அதில் ஓடலாம். சரியான விதிதான். யாரோ பட்ட நோயிலிருந்து பிறந்த விதி. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

இந்தச் சோதனைகளுக்கெல்லாம் சேர்த்து எவ்வளவு காலம் ஆகும்? ஒழுங்காகச் செய்தால் ஒன்றிரண்டு வாரம். நான் 5 மாதமாக நிற்கிறேன்.

ஏன் என்று தோண்டத் தோண்ட ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. குழாய் மூட்டுகளையும், வளைவுகளில் தண்ணீரின் உந்துதலைத் தாங்க வைக்கும் கான்கிரீட் முட்டுகளையும் குடிநீர் அலுவலகத்து ஆய்வாளர் கண்ணால் பார்த்த பிறகுதான் மண்ணைத் தள்ளி மூட வேண்டும். இவர்கள் அவருக்குச் சொல்லாமலே மூடிவிட்டார்கள். மூடியதோடு நிற்காமல் மேலே சாலையும் போட்டுவிட்டார்கள். வீடு பார்க்க வருபவர்களுக்குச் சாலை கண்ணில் படும், குழாய் படாது. அதனால் சாலைக்கு அவசரம். ஆய்வாளர் திறந்து காட்டு என்கிறார். திறந்தால் புதுச் சாலையை உடைக்க வேண்டும். உடைத்தால் செலவு. செலவு என்றதும் எல்லோருடைய தொலைபேசியும் ஊமையாகிவிட்டது. திறப்பு விழாவுக்கு முன் முடிக்க வேண்டிய வேலையைக் குடியேற்றிய பிறகும் முடிக்காமல், நடுவில் எங்களைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்கள்.

குடிநீர் அலுவலகத்துக்கு நானே போனேன். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். கவுன்ட்டரில் இருந்தவர் கோப்பைப் புரட்டி, அன்பாகவே சொன்னார்: "நீட்டிப்புக்கு விண்ணப்பித்தவர் நீங்கள் இல்லையே. இது நிறுவனத்துக்கும் எங்களுக்கும் உள்ள ஒப்பந்தம். அவர்கள் ஒப்படைக்காதவரை அது எங்கள் குழாயும் இல்லை." நிறுவனத்தைக் கேட்டால், "தண்ணீர் திறந்துவிடுவது அவர்கள் வேலை" என்கிறார்கள். ஒரு மேசையில் நான் விண்ணப்பதாரர் இல்லை. இன்னொரு மேசையில் நான் ஏற்கெனவே பணம் கட்டி முடித்த ஆள், இனி என்னிடம் வாங்க ஒன்றும் இல்லை. அந்தக் குழாயின் விலை என் வீட்டு விலையில் இருக்கிறது. கடனுக்கு மாதாமாதம் நான்தான் கட்டுகிறேன். ஆனால் அந்தக் குழாயைப் பற்றிக் கேள்வி கேட்க எனக்கு மட்டும் உரிமை இல்லை.

இதில் அளவு பற்றிய சண்டை வேறு. பின்னால் வரப்போகும் வீடுகளையும் சேர்த்துப் பெரிய குழாயாகப் போடு என்று அலுவலகம் சொல்வதும், கூடுதல் செலவை யார் ஏற்பது என்று நிறுவனம் இழுப்பதும் எங்கும் நடப்பதுதான். இந்தப் பேரம் பேசி முடிய எத்தனை மாதம் போயிற்று என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர், "சின்னக் குழாயாகவே போட்டுத் தொலைத்திருக்கலாம், தண்ணீர் வந்தால் போதும்" என்கிறார். அவர் தாகம் எனக்குப் புரிகிறது. ஆனால் 150 மில்லிமீட்டர் குழாய் வேண்டிய இடத்தில் 100 மில்லிமீட்டர் போட்டால், அதே தண்ணீர் ஓடும்போது உராய்வில் தொலையும் அழுத்தம் சுமார் 7 மடங்கு. காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் குளிக்கப் போனால் கடைசி வீட்டில் நூல்போல ஒழுகும். கடைசி வீடு என்னுடையது. குழாயும் அங்கேயே முட்டி நின்றுவிடுகிறது. அப்படி முட்டி நிற்கும் இடத்தில் தண்ணீர் தேங்கும், குளோரின் குறையும், அவ்வப்போது திறந்து அலசிவிட வேண்டும். அதை யார் செய்வார்கள் என்று காலையில் வந்தவரிடம் கேட்டேன். "முதலில் தண்ணீர் வரட்டும் சார்" என்றார்.

வயிற்றெரிச்சலின் உச்சம் இது: பிற்காலத்தில் இன்னொரு நிறுவனம் இதே குழாயிலிருந்து இணைப்பு எடுத்தால், முதலில் குழாய் போட்ட நிறுவனத்துக்கு, அதற்கு ஆன செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் ஏற்பாடு பல இடங்களில் இருக்கிறது. அந்தப் பங்கு யாருக்குப் போகும்? வீட்டு விலையோடு சேர்த்துக் குழாய்க்கும் பணம் கொடுத்த எங்களுக்கா? இல்லை. மனையைப் பிரித்து விற்றுவிட்டு, இப்போது தொலைபேசியை எடுக்காமல் இருக்கிறார்களே, அவர்களுக்கு!

கிளம்பும்போது அந்த ஆள் மூடியைச் சரியாகப் பொருத்தவும் இல்லை. நான்தான் மிதித்துப் பொருத்தினேன். அதே மண் செருப்போடு உள்ளே வந்து, கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாளை நீட்டினார். "குழாய் பதிக்கப்பட்டதைப் பார்வையிட்டேன்" என்று அதில் இருந்தது. போடவில்லை. போடவும் மாட்டேன். அவர் போன பிறகு, லாரித் தண்ணீரில் அரை வாளி எடுத்துக் கூடத்தைத் துடைத்தேன்.

துடைத்த துணியை அலசக் குளியலறைக்குப் போனேன். அந்த விளக்கின் சுவிட்சைக் கதவுக்குப் பின்னால் வைத்தது யார்? உள்ளே போய், கதவைச் சாத்தி, கும்மிருட்டில் சுவரைத் தடவினால்தான் விளக்கைப் போட முடிகிறது. 5 மாதமாகத் தடவுகிறேன். இதற்கும் ஒரு வரைபடம் இருந்திருக்கும், அதிலும் ஒருவர் கையெழுத்துப் போட்டிருப்பார். எனக்கு அவரை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும்.