பழுப்பு டம்ளர்

போன ஞாயிறு எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குத் தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விற்கிறவர் ஒருவர் வந்து ஒரு வித்தை காட்டினார். ரெண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கருவியில் வடித்தது. கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த சின்னப் பெட்டி ஒன்றை இரண்டின் மேலும் வைத்து ஸ்விட்சைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் எங்கள் தண்ணீர் பழுப்பேறி, மேலே துரு நிறத்தில் நுரை கட்டியது. அவருடையது அப்படியே பளிங்கு. "இதையா சார் குழந்தைங்களுக்குக் குடுக்கறீங்க?" என்றார். கூட்டமே முகம் சுளித்தது.

நான் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சிட்டிகை உப்பு வாங்கி வந்து அந்தப் பளிங்கு டம்ளரில் போட்டுக் கலக்கி, "இப்ப ஒரு தடவை போடுங்க" என்றேன். அவர் தயங்கினார். செக்ரட்டரி அண்ணனே எழுந்து போய் ஸ்விட்சைத் தட்டினார். அதுவும் சாக்கடையாயிற்று.

அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்ததில்லை, கம்பியிலிருந்து வந்தது. இரும்பில் மின்சாரம் பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாக இறங்கும். உப்புகள் கரைந்திருந்தால்தான் தண்ணீர் வழியாக மின்சாரம் தாராளமாகப் பாயும். அவர் கருவியில் வடித்த தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை, அதனால் கம்பி தப்பித்தது. அவ்வளவுதான் வித்தை.

அதற்காக எங்கள் தண்ணீர் அமிர்தம் என்று சொல்ல வரவில்லை. போன மாதம் வாட்டர் ஹீட்டரைக் கழற்றியபோது உள்ளே இருந்த சூடாக்கும் கம்பிச்சுருள் மேல் விரல் தடிமனுக்குச் சுண்ணாம்பு உறை போட்டிருந்தது. மெக்கானிக் தம்பி ஸ்க்ரூடிரைவரால் தட்டத் தட்ட, ஓடு ஓடாக விழுந்தது. சுண்ணாம்புப் பாறை வழியாக ஊறிவரும் தண்ணீர் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பைகார்பனேட்டாகக் கரைத்துக்கொண்டு வருகிறது. சூடு பட்டதும் கார்பன் டை ஆக்சைடு வெளியேற, மிச்சம் கல்லாகப் படிகிறது. ஹீட்டரும் கெட்டிலும் முதலில் அடி வாங்குவது இதனால்தான். சோப்பு நுரைக்காததற்கும் கால்சியம்தான் காரணம். முதலில் சோப்பைப் பிடித்துப் பிசுபிசுவென்று அழுக்காக்கும், அது தீர்ந்த பிறகுதான் நுரையே வரும். (அடைத்துக்கொண்ட ஷவர் தலையை ராத்திரி வினிகரில் ஊறப்போடுங்கள். காலையில் பொலபொலவென்று உதிரும்.)

ஆக, செலவும் எரிச்சலும் நிஜம். ஆனால் விஷமா? இப்படிக் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருப்பதைத்தான் கடினத்தன்மை என்பார்கள்; அதைக் கால்சியம் கார்பனேட் கணக்கில் அளப்பார்கள். லிட்டருக்கு 60 மில்லிகிராம் வரை மென்னீர், 180-க்கு மேல் போனால் மிகக் கடினம். எங்களுடையது 340. உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஆரோக்கிய வரம்பு என்று எதையும் வைக்கவில்லை. கெட்டிலில் படிவது மாதிரி சிறுநீரகத்திலும் படியும் என்கிறார்கள். கெட்டிலில் இருப்பது கால்சியம் கார்பனேட், சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட். கல்லுக்கு பயப்படுகிறவர்கள் முதலில் தண்ணீரை நிறையக் குடிக்கட்டும்.

எங்கள் வீட்டில் ஹீட்டருக்கும் வாஷிங் மெஷினுக்கும் போகும் குழாயில் மட்டும் சாஃப்ட்னர் வைத்திருக்கிறேன். சமையலறைக் குழாயைத் தொடவில்லை. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். 100 மில்லிகிராம் கடினத்தன்மைக்கு 46 மில்லிகிராம் சோடியம். ரத்த அழுத்தம் இருக்கும் வீட்டில் அது எதற்கு? எல்லா வீட்டுக்கும் ஆர்.ஓ. (உப்பைச் சவ்வில் வடிக்கும் கருவி) என்பதும் எனக்கு ஒப்பவில்லை. பல வீட்டுக் கருவிகளில் குடிக்கக் கிடைப்பதைவிடச் சாக்கடைக்குப் போவதுதான் அதிகம்.

எனக்கு நிஜமாகக் கோபம் வருவது டிடிஎஸ் மீட்டர் மேல், அதாவது தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று எண் காட்டும் கருவி மேல். பேனா மாதிரி அதை ஆளாளுக்கு வாங்கி வைத்துக்கொண்டு தினமும் எண் போடுகிறார்கள். அது பார்ப்பது மின்சாரம் எவ்வளவு கடத்துகிறது என்பதை மட்டும்தான். கிருமியைக் காட்டாது, ஈயத்தைத் தனியாகச் சொல்லாது. மழைக்குத் தேங்கிய குட்டையில் விட்டுப் பாருங்கள், அழகான எண் வரும். அதைக் குடிப்போமா? 600-க்குள் இருந்தால் ருசி நன்றாக இருக்கும், 1000 தாண்டினால் ருசி கெட்டுக்கொண்டே போகும். அந்த எண்ணுக்கு அதற்கு மேல் மரியாதை தேவையில்லை.

கேட்க வேண்டியது வேறு. 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை (மலம் கலந்ததைக் காட்டும் கிருமி) ஒன்றுகூட இருக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி லிட்டருக்கு நைட்ரேட் 50 மில்லிகிராமுக்குள், ஃப்ளோரைடு 1.5-க்குள் இருக்க வேண்டும். கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும். சங்கத்தின் மூணு வருஷப் பதிவேட்டைப் புரட்டினேன். டிடிஎஸ், டிடிஎஸ், டிடிஎஸ். வேறு ஒரு சோதனையும் இல்லை.

சரி என்று, குளோரின் இருந்தால் தண்ணீரை மஞ்சளாக்கிக் காட்டும் சொட்டு மருந்து வாங்கி வந்தேன். முதல் தெருவில் தண்ணீர் இளமஞ்சளாக மாறியது. எங்கள் கடைசித் தெருவில் மாறவே இல்லை. செக்ரட்டரி அண்ணனைக் கூட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வரும் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறிப் பார்த்தோம். மூடி பாதி உடைந்து கிடந்தது. உள்ளே தண்ணீர் மேல் ஒரு புறா இறகு மிதந்துகொண்டிருந்தது.

கருவி விற்கிறவருக்கு அதற்குள் பதினோரு வீட்டில் முன்பணம் கொடுத்துவிட்டார்கள். மூடிக்கு மட்டும் அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போடணுமாம்.