கையை விரிச்சு நின்னா கிறிஸ்துவா?

வாலிபர் முகாம்ல ஒரு சினிமாக் காட்சியைப் போட்டுப் பிரசங்கம் பண்ணின விஷயத்தைப் பற்றி இனிமே பேசக்கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா அந்த வீடியோவுக்குக் கீழே நான் போட்ட கமெண்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, "ஆவிக்குரிய கண் திறக்கப்படாதவர்களுக்காக ஜெபிப்போம்"னு குரூப் குரூப்பா அனுப்பிட்டு இருக்கீங்க. ஜெபத்துக்கு நன்றி. என் பேரை மறைச்ச பெருந்தன்மைக்கும் நன்றி. புரொஃபைல் போட்டோவை மறைக்கத்தான் மறந்துட்டீங்க.

அந்த வீடியோவைப் பார்த்தவங்களுக்குக் கதை தெரியும். மழை, சேறு, ஸ்லோ மோஷன். அடிபட்டு விழுந்த ஹீரோ எழுந்து ரெண்டு கையையும் விரிச்சு நிக்கிறார். அந்த இடத்துல படத்தை நிறுத்திட்டு, "வாலிபரே, இது யாரை ஞாபகப்படுத்துது?"ன்னு பிரசங்கியார் கேட்கிறார். பிள்ளைங்க மொத்தமும் "இயேசு!"ன்னு கத்துது. கைத்தட்டல், விசில், கீபோர்டு. எல்லாம் சரி. நிறுத்தி வச்ச அந்த ஃப்ரேம்ல ஹீரோவோட வலது கையில அரிவாள் இருந்துச்சு. திரையில ஆறடிக்குத் தெரிஞ்சது. அதை ஒருத்தரும் பார்த்த மாதிரி தெரியல.

நான் போட்ட கமெண்ட் ஒரே வரி: "அந்த அரிவாளுக்கும் விளக்கம் சொல்லியிருக்கலாமே, ஐயா." இதுக்குத்தான் இவ்வளவும்.

இப்பவும் அதையேதான் சொல்றேன். கையை விரிச்சு நின்னா கிறிஸ்து ஆகிட முடியாது. இடைவேளைக்கு முன்னாடி செத்துட்டான்னு நினைச்சவன் இடைவேளைக்குப் பிறகு வந்து நாற்பது பேரை வெட்டுறது உயிர்த்தெழுதல் இல்லை. கெத்செமனே தோட்டத்துல இயேசுவைப் பிடிக்க வந்த ஒருத்தன் காதைப் பேதுரு வெட்டினதுக்கே, "உன் பட்டயத்தைத் திரும்ப அதின் உறையிலே போடு"ன்னு சொன்னவர் அவர். உங்க ஹீரோ உறையை எந்தக் காட்சியில தூக்கிப் போட்டான்னு எனக்கு ஞாபகம் இல்லை.

இந்த மாதிரிப் பிரசங்கம் இப்ப எல்லா இடத்துலயும் நடக்குது. நம்ம கிருஷ்ணகிரியில மாம்பழ சீசன்ல கூழ் ஃபேக்டரிக்குப் போய்ப் பாருங்க. பெங்களூராவா இருந்தாலும் செந்தூராவா இருந்தாலும் உள்ள போனா கடைசியில டின்னுல வர்றது கூழ்தான். எந்தப் படத்தைக் கொடுத்தாலும் நம்ம ஆளுங்க அதே கூழை எடுத்துடுறாங்க. அம்மா அழுதா மரியாள், நண்பன் துரோகம் பண்ணினா யூதாஸ், பன்னிரண்டு பேர் சேர்ந்து சாப்பிட்டா கடைசி இராப்போஜனம். படம் என்ன சொல்லுதுன்னு கேட்க யாருக்கும் நேரம் இல்லை.

"உனக்குச் சினிமா பிடிக்காது, அதான் எரிச்சல்"னு ஒரு தம்பி எழுதியிருக்கான். தம்பி, உன் அப்பா எந்தத் தியேட்டருக்கு யாருக்குத் தெரியாம போவார்னு எனக்குத் தெரியும், என்கிட்ட வேண்டாம். நான் வளர்ந்த வீட்ல சினிமான்னா சாத்தானோட கொட்டகை. பக்கத்து வீட்டு டிவியில ஒளியும் ஒலியும் பாட்டுக் கேட்டாலே எங்கப்பா, "தீங்கான காரியத்தை என் கண்முன் வைக்கமாட்டேன்"னு நூற்றியோராம் சங்கீதத்தைச் சத்தமா வாசிப்பார். சினிமாவை அப்படிப் பார்த்த எங்க சபையில, 2004-ல இயேசுவோட பாடுகளை வச்சு மெல் கிப்சன் எடுத்த படம் வந்தப்ப, வேன் வச்சுக் குடும்பம் குடும்பமா கூட்டிட்டுப் போனாங்க. மூப்பர்கள் முன்னாடி சீட்டு. அராமிக் மொழியில பேசினாங்க, யாருக்கும் ஒரு வார்த்தை புரியல, எல்லாரும் அழுதோம். சினிமா எப்ப பாவம், எப்ப ஊழியம்னு யார் முடிவு பண்றாங்கன்னு அன்னைக்கே கேட்டிருக்கணும்.

ஒரு விஷயம் சொல்றேன். எனக்குப் படம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தது எந்தப் பிரசங்கியாரும் இல்லை. நான் பையனா இருக்கும்போது, பென்னாகரம் பக்கம் கிராமம் கிராமமா 'இயேசு' படம் போட ஒரு டீம் போவாங்க. 1979-ல எடுத்த படம், லூக்கா சுவிசேஷத்தை வச்சு. பதினாறு எம்எம் ப்ரொஜெக்டர், ஜெனரேட்டர், மூங்கில்ல கட்டின வெள்ளைத் திரை. எனக்கு வேலை ஒயர் சுத்துறதும், லென்ஸ் மேல மொய்க்கிற ஈசலை அட்டையால விசிறுறதும். ஒரு ஊர்ல திரைக்குப் பின்பக்கம் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தாங்க. முன்னாடி இடம் இருந்தும் வரல. ஏன் வரலைன்னு அன்னைக்கு எனக்குப் புரியல, அப்புறம் புரிஞ்சது. திரைக்குப் பின்னாடி இருந்து பார்த்தா எல்லாம் இடவலம் மாறித் தெரியும். அவங்களுக்கு அது ஒரு குறையா இல்லை. சவுக்கால அடிக்கிற காட்சி வந்தப்ப எழுந்து நின்னுட்டாங்க. "டேய், ஒத்த ஆளை இத்தனை பேர் அடிக்கறீங்களே, கை விளங்குமாடா உங்களுக்கு"ன்னு ரோமப் படைவீரனைப் பார்த்துக் கத்தினாங்க. கூட்டம் சிரிச்சது. அவங்க சிரிக்கல.

அந்தப் பாட்டிக்கு இயேசு யாருன்னு தெரியாது. தேவகுமாரன், மீட்பர் எதுவும் தெரியாது. ஒரு மனுஷனைப் போட்டு அடிக்கிறாங்க, அது தப்பு. அவ்வளவுதான் தெரியும். ஆவிக்குரிய பார்வைன்னு நீங்க குரூப்ல போடுறீங்களே, என்னைக் கேட்டா அது அவங்ககிட்ட இருந்துச்சு.

சரி, "பவுல் ஏதென்ஸ் நகரத்து அரியோபாகு மன்றத்துல கிரேக்கப் புலவனை மேற்கோள் காட்டலையா?"ன்னு கேட்கிறீங்க. காட்டினார். நல்ல கேள்விதான், இதுக்கு மட்டும் மரியாதையா பதில் சொல்றேன். அவங்க கவிதையில ஒரு வரி எடுத்தார், உடனே மனந்திரும்புதலுக்கும் நியாயத்தீர்ப்புக்கும் வந்துட்டார். அப்போஸ்தலர் பதினேழாம் அதிகாரத்தைக் கடைசி வரைக்கும் படிங்க, சிலர் கேலி பண்ணினாங்கன்னு இருக்கு. விசில் அடிச்சாங்கன்னு இல்லை. வாலிபர்களை இழுக்கணும்னா அவங்க மொழியில பேசணும்னு இன்னொரு அண்ணன். பேசுங்க அண்ணே, யார் வேண்டாம்னா? இழுத்துட்டு வந்து என்ன கொடுக்கறீங்கன்னுதான் கேட்கிறேன்.

"படம் எடுக்கிறவன் விசுவாசியே இல்லை, அதுல என்ன கிடைக்கும்"னு எதிர்ப்பக்கத்துல இருந்து ஒரு கூட்டம் வேற. இவங்களுக்கு ஒரு தகவல். பசோலினின்னு இத்தாலியில ஒரு இயக்குநர், கம்யூனிஸ்ட், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். 1964-ல மத்தேயு சுவிசேஷத்தை அப்படியே படமா எடுத்தார், வசனம் எல்லாம் மத்தேயுவில இருக்கிறதுதான். இயேசுவா நடிச்சது ஸ்பெயின்ல இருந்து வந்த ஒரு கல்லூரி மாணவர். வயசான மரியாளா நடிச்சது பசோலினியோட சொந்த அம்மா. சினிமாவுக்கு நூறு வருஷம் ஆனப்ப, 1995-ல வத்திக்கான் 45 நல்ல படங்களைப் பட்டியல் போட்டுச்சு. அதுல இந்தப் படமும் இருக்கு. வத்திக்கானே சரின்னு சொன்னா நம்ம ஆளுங்க "அவங்க கத்தோலிக்கர்"னு சொல்வாங்க, அதுவும் தெரியும்.

நான் தேடுறது வேற. தாவீது ராஜா இன்னொருத்தன் மனைவி பத்சேபாளை எடுத்துக்கிட்டு, அவ புருஷனையும் சாக வச்ச அக்கிரமத்துக்குப் பிறகு, நாத்தான் தீர்க்கதரிசி வந்து என்ன பண்ணினார்? கதை சொன்னார். பணக்காரன், ஏழை, ஏழையோட ஒரே ஆட்டுக்குட்டி, அதையும் பணக்காரன் பிடுங்கிடுறான். தாவீதுக்குக் கோபம் பொத்துக்கிட்டு வருது, அந்தப் பணக்காரன் சாகணும்னு தீர்ப்பே சொல்லிடுறார். அப்பத்தான் நாத்தான் சொல்றார்: "நீயே அந்த மனுஷன்." கதை பண்ண வேண்டிய வேலை அது. நாம மட்டும் எந்தப் படம் பார்த்தாலும் ஹீரோ பக்கம்தான் நிப்போம். நான் இயேசு பக்கம், நான் ஹீரோ பக்கம், வில்லன் வெளியில எங்கேயோ இருக்கான். வாலிபர் முகாம்ல முந்நூறு பிள்ளைங்கள்ல ஒருத்தன் கூட, "நான் அந்த அடியாள் கூட்டத்துல ஒருத்தனா?"ன்னு கேட்கலைன்னா அங்க நடந்தது ரசிகர் மன்றக் கூட்டம்.

2018-ல சாதிக் கொடுமையைப் பேசுற 'பரியேறும் பெருமாள்' வந்தப்ப, இதையே ஒரு வாலிபர் கூட்டத்துல போடலாம்னு நான் சொன்னேன். அதுல ஹீரோவோட, பெண் வேஷம் கட்டி ஆடுற அப்பாவை ரோட்டுல ஓட விட்டு, உடுத்தியிருக்கிறதை உருவி அவமானப்படுத்துவாங்களே, அந்தக் காட்சியைப் பார்த்தப்ப எனக்கு மத்தேயு இருபத்தேழாம் அதிகாரம்தான் ஞாபகம் வந்துச்சு. இயேசுவையும் வஸ்திரத்தைக் கழற்றித்தானே கேலி பண்ணினாங்க. "அப்ப நீ மட்டும் கண்டுபிடிக்கலாமா?"ன்னு கேட்பீங்க. ஆமா, கண்டுபிடிப்பேன். அந்த அப்பா கையில அரிவாள் இல்லை. வித்தியாசம் புரியலைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது.

அன்னைக்கு எனக்குக் கிடைச்ச பதில்: "பிரதர், நம்ம ஏரியாவுல அது சென்சிடிவ்." ஆமா, சென்சிடிவ்தான். 2012 நவம்பர்ல நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டின்னு தலித் குடியிருப்புகள் எரிஞ்சது. தர்மபுரியில இருந்து எவ்வளவு தூரம்? சாதி மீறின ஒரு காதல் கல்யாணத்துக்காக அந்த வீடுகளைக் கொளுத்தினாங்க. அதுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் உட்கார்ந்திருந்த ஆராதனையில பிரசங்கம் பொறுமையைப் பற்றி. ஒரு வார்த்தை வரல. ஜெபக்குறிப்புல, "நம் மாவட்டத்தில் அமைதிக்காக"ன்னு ஒரு வரி, அதுவும் மழைக்கான ஜெபத்துக்குக் கீழே.

"இதுல ஏன் சாதியை இழுக்கிற?"ன்னு கேட்கப் போறீங்க. நான் இழுக்கல. பெண் பார்க்கப் போறப்ப "சபை எது?"ன்னு கேட்டுட்டு, அடுத்த கேள்வி என்னன்னு உங்களுக்குத் தெரியும். கல்லறையில யாரை எந்த மூலையில வைக்கிறாங்கன்னும் தெரியும். திரையில ஹீரோ கை விரிச்சா உடனே தெரியற சிலுவை, இதுல எல்லாம் தெரிய மாட்டேங்குதுன்னா, யாரோட கண்ணு திறக்கணும்?

இது கோபம்தான், ஒத்துக்கறேன். இன்பாக்ஸ்ல, "உங்களுக்கு அபிஷேகம் இல்லை"ன்னு எழுதினவர் என் கல்யாணத்துல நற்கருணை பாத்திரம் பிடிச்சவர். அவரை பிளாக் பண்ணல. பண்ணவும் மாட்டேன். ஆனா அடுத்த தடவை பார்க்கும்போது "ஸ்தோத்திரம்"னு கையைக் கூப்பிக்கிட்டே கடந்து போயிடாதீங்க அண்ணே, நின்னு பேசுங்க.

முகாம் கமிட்டிக்கு ஒரு வேண்டுகோள். மே மாசம் அடுத்த முகாம்னு நோட்டீஸ் வந்திருக்கு, சந்தா கேட்டும் போன் வந்துச்சு. சந்தா தர்றேன். ப்ரொஜெக்டர் வாடகையும் நானே தர்றேன், ஸ்கிரீன் கட்டவும் தெரியும். ஒரு ராத்திரி 'பரியேறும் பெருமாள்' போடுங்க, நடுவுல நிறுத்தாம, கீபோர்டு இல்லாம. முடிஞ்சதும் பிள்ளைங்க பேசட்டும், பெரியவங்க ஒரு மணி நேரம் கேட்டுட்டு மட்டும் உட்காருங்க. தேதி முடிவானா கமெண்ட்ல சொல்லுங்க, இன்பாக்ஸ் வேண்டாம்.